கூட்ட அறையின் வெப்பநிலை

2011ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி பிற்பகலில், மண்ணூரில் வாகன உதிரிபாகங்களுக்குப் பெயின்ட் அடித்துச் சுட்டு எடுக்கும் ஒரு தொழிற்சாலையில், அடுப்பு வாய் அருகே வெப்பநிலை நாற்பத்தொன்பது டிகிரியாக இருந்தது. அதே நேரத்தில் அதே கட்டடத்தின் மாடியில், கூட்ட அறையில், இருபத்து மூன்று டிகிரி.

அடுப்பு வாய் என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். நிர்வாகம் அதை ‘இறக்கும் முனை’ என்று அழைத்தது. பெயின்ட் அடித்த இரும்புத் துண்டுகள் சங்கிலியில் தொங்கியபடியே நீளமான அடுப்புக்குள் போய், வெந்து, மறுபக்கம் வெளியே வரும். அவற்றைக் கொக்கியிலிருந்து கழற்றி டிராலியில் அடுக்க ஓர் ஆள் நின்றாக வேண்டும். பாண்டிச்செல்வி நின்றாள். களக்காட்டுப் பக்கத்துப் பெண். பென்னலூரில் ஒரு விடுதி அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நம்பிராஜன், அவளுடைய பெரியம்மா மகன். “நான் இருக்கேன்லா சித்தி, பாத்துக்கிடுதேன்” என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து அவள் அம்மாவிடம் சொன்னவனும் அவன்தான்.

அடுப்பு வாய்க்கு ஒரு பெரிய காற்றாடி வேண்டும், சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி, என்று லைன் சூப்பர்வைசர் யாக்கோபு முந்தைய கோடையிலேயே கேட்டிருந்தார். நிர்வாகம் மறுக்கவில்லை. அந்த நிர்வாகம் எதையும் மறுத்ததில்லை. கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதானாலும், அதனால் வெப்பம் என்ன ஆகும் என்பதைத் தலைமையகத்தின் ‘வெப்ப மாதிரி’ என்ற கணக்கீட்டில் போட்டுப் பார்த்து நிரூபித்துவிட்டு அடிக்கலாம் என்பதுதான் விதி.

அந்த மாதிரியை வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் செய்து கொடுத்திருந்தது. அடுப்பு என்பது ஒரு நிலைக்கு வந்து அமர்ந்துவிடுகிற பொருள் அல்ல. இரும்பு காற்றுக்கும், காற்று கூரைக்கும், கூரை மனித உடம்புக்கும் ஓயாமல் சூட்டைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும். இப்படி நிலைகொள்ளாமல் ஓடுகிற வெப்பத்தைப் பிடிக்க அந்தப் பேராசிரியர்கள் நாற்பத்து மூன்று மாறிகளை வைத்துச் சமன்பாடுகள் எழுதியிருந்தார்கள். தொழிற்சாலையின் கணிப்பொறி அவற்றைத் தீர்க்கக் காலை ஷிஃப்டில் உட்கார்ந்தால் அடுத்த நாள் காலை ஷிஃப்டுக்குத்தான் எழுந்திருக்கும். இன்றைய வெயிலுக்குக் காற்றாடி வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டும் என்ற பதில் மழை பெய்து முடிந்த பிறகு வந்தது. மழையைக் காரணம் காட்டி அந்தப் பதிலைத் திருப்பி அனுப்பினார்கள்.

எனவே மாதிரியைச் சுருக்குவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. பெயர், வெப்ப மாதிரி எளிமைக் குழு. குழுவின் தலைவர், கம்பெனியில் துணைத் தலைவர் பதவியிலிருந்த ரகுபதி. மனிதவளத் துறையின் சார்பில் கங்கா மேடம். கணக்குத் தெரிந்த ஒருவரும் தேவை என்று யாருக்கோ தோன்றியபோது, தரப்பிரிவில் பெயின்ட் கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்த நம்பிராஜன் அகப்பட்டான். அவன் திருநெல்வேலியில் எம்.ஃபில். முடித்தவன். ஆய்வுத் தலைப்பே சமநிலையற்ற வெப்ப இயக்கவியலின் மாதிரிகளைச் சுருக்கும் கணித முறைகள்தான். அந்த ஆய்வேட்டை வழிகாட்டியைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை. வழிகாட்டி படித்ததும் உறுதியில்லை.

தன் படிப்பு உலகத்தில் எதற்கும் உதவாது என்ற முடிவோடு இரண்டு வருடமாகக் கொப்புளம் எண்ணியவனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பாண்டிச்செல்வியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, உன் காற்றாடி இனி என் கையில் என்றான்.

“அப்ப இந்த மாசமே வந்துருமாண்ணே?”

“மாசம் எதுக்குட்டி? கணக்கச் சுருக்கிட்டா பத்து நிமிசத்துல பதில் வந்துரும். பதில் வந்தா காத்தாடி வந்துரும்.”

அவள் பக்கத்திலிருந்த பெண்களிடம் எங்க அண்ணன்தான் காத்தாடி வாங்கித் தரப்போகுது என்று சொல்லி வைத்தாள்.

முதல் கூட்டத்தை ரகுபதி உரையாற்றித் தொடங்கி வைத்தார். “நம்ம கம்பெனியில எக்ஸ்ட்ரா ஸ்டாக் கிடையாது, எக்ஸ்ட்ரா ஆள் கிடையாது. ஒரு சமன்பாட்டுல மட்டும் நாற்பத்து மூணு பேர் எதுக்கு உக்காந்திருக்கணும்? ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நீ என்ன வேலை செய்யறேன்னு கேட்போம்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நம்பிராஜனும் தட்டினான். அவனுடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைச் சுற்றி வளைத்துப் பார்த்தால் அதே பொருள்தான் வரும்.

கங்கா மேடத்துக்குத் தலைப்பிலேயே ஒரு சிரமம் இருந்தது. ‘சமநிலையற்ற’ என்ற சொல் ஒரு நிறுவனத்தின் கோப்பில் இருக்கலாமா? வெளியில் தெரிந்தால் தொழிற்சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைப்பார்களே என்றார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு அது ‘சமநிலையை நோக்கிப் பயணிக்கும்’ என்று மாற்றப்பட்டது. அப்படி மாற்றினால் சமன்பாட்டுக்கு வேறு பொருள் வந்துவிடும் என்று நம்பிராஜன் சொல்ல நினைத்தான். அதற்குள் சமோசா வந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து மாறிகளுக்கு, ஊழியர்களுக்குச் செய்வதைப் போலவே, செயல்திறன் மதிப்பீடு தொடங்கியது. காற்றின் ஈரப்பதம் எதிர்பார்ப்பை நிறைவு செய்யவில்லை, நீக்கப்பட்டது. கூரைத் தகடு கட்டட உரிமையாளருடையது, கம்பெனிக்குச் சொந்தமில்லை, நீக்கப்பட்டது. பெயின்டிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு ஆதரவாகப் பேச ஆள் இல்லை. நீக்கப்பட்ட ஒவ்வொரு மாறிக்கும் முறையான பிரிவுபசாரம் நடந்தது. கேக் வெட்டினார்கள். மாறியின் கிரேக்க எழுத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். கங்கா மேடம் அதன் சேவையைப் பாராட்டி நான்கு வரி பேசுவார்.

சூரியனின் முறை வந்தபோது மட்டும் நம்பிராஜன் தயங்கினான். வெளியே கத்திரி வெயில். அதைக் கணக்கில் வைக்காவிட்டால் எப்படி என்று கேட்டான்.

“வெயில் நம்ம கேட்டுக்கு வெளியில இருக்கு, நம்பிராஜன்” என்றார் ரகுபதி பொறுமையாக. “அது நம்ம பேரோல்ல இல்ல. நம்ம பாலிசிக்குக் கட்டுப்படாது. கட்டுப்படாத ஒண்ணுக்கு நாம ஏன் பொறுப்பேத்துக்கணும்?”

நம்பிராஜன் விட்டுக்கொடுத்தான். அவனுக்கு உள்ளே ஒரு பேரம் ஓடிக்கொண்டிருந்தது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அடுப்பு வாயின் வெப்பமும் அங்கே நிற்கிற உடம்பின் வெப்பமும் கடைசிவரை இருந்தால் போதும், காற்றாடி வந்துவிடும். சூரியனுக்கு வெட்டிய கேக்கில் அவனுக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றான். நன்றாகத்தான் இருந்தது.

மாறிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தபோது, இனி எந்த அடிப்படையில் நீக்குவது என்ற கேள்வி எழுந்தது. மீதமிருந்தவை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமானவை; எல்லாம் கண்ணுக்கும் தெரிந்தன. முறைப்படி கணிதம் என்ன சொல்கிறது என்று ரகுபதி கேட்டார். நம்பிராஜன் இதற்காகத்தான் காத்திருந்தான். வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு போட்டுவிட்டு, அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று நமது கம்பெனி பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் முன்னும் பின்னும் ஆடுவார்கள். ஒரு நொடியில் அந்த ஆட்டம் அடங்கிவிடும். பஸ் எத்தனை மணிக்குச் சுங்குவார்சத்திரம் போய்ச் சேரும் என்று கணக்குப் போட அந்த ஆட்டங்களைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. கலைந்தாலும் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிற மாறிகளை விட்டுவிடலாம். மெதுவாக நகர்கிறவைதான் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகும்; அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

ரகுபதி எழுந்து வந்து கைகுலுக்கினார். முப்பது வருட நிர்வாக வாழ்க்கையில் தான் உணர்ந்தும் சொல்லத் தெரியாமல் இருந்த ஒன்றை இந்தப் பையன் சொல்லிவிட்டான் என்றார். நம்பிராஜனின் பணி நிரந்தரமாக்கப்படும் என்பதையும் அங்கேயே அறிவித்தார். அன்று இரவு நம்பிராஜன் அம்மாவுக்குப் போன் செய்தான்.

மறுநாள் மதியம் பாண்டிச்செல்வி அடுப்பு வாயில் மயங்கி விழுந்தாள். விழும்போது பிடிமானத்துக்குக் கை நீட்டியதில் அப்போதுதான் வெளியே வந்த இரும்பு முன்கையில் பட்டு, தோல் வழன்றுவிட்டது. யாக்கோபு தண்ணீர் தெளித்து, ஆம்புலன்ஸ் வரக் காத்திராமல் தன் பைக்கிலேயே ஏற்றி, பின்னால் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லி, ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனார். நம்பிராஜன் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் கண் திறந்ததும் அவனைத்தான் பார்த்தாள்.

“அம்மைட்ட சொல்லிராதிய. ஒரு வாரத்துல சரியாயிரும்னு சொல்லிட்டாவ.” பிறகு, “இனி காத்தாடி போட்டுருவாவல்லாண்ணே? இதையுஞ் சேத்துச் சொல்லிப் பாருங்க” என்றாள்.

நம்பிராஜனுக்கும் அதே யோசனைதான் வந்திருந்தது. அதற்காகத் தன் மேலேயே அவனுக்கு ஓர் அருவருப்பு வந்தது. ஆனாலும் இனி அந்த மாறியை யாரும் தொட முடியாது என்று தோன்றியது. அடுத்த கூட்டத்தில் அவனே எழுந்து, அடுப்பு வாயில் நிற்கிற உடம்பின் வெப்பத்தை ஏன் மாதிரியில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நேற்றைய சம்பவமே சாட்சி என்றான்.

ரகுபதி முகம் வாடிப்போனார். அந்தப் பெண்ணுக்கு எப்படியிருக்கிறது, பூச்செண்டு அனுப்பியாகிவிட்டதா என்று கங்கா மேடத்தைக் கேட்டார். அனுப்பியாகிவிட்டது. பிறகு யாக்கோபை மேலே வரச் சொன்னார்கள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஏசி குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அந்தப் பொண்ணு விழுந்ததும் லைன் எவ்வளவு நேரம் நின்னுது, யாக்கோபு?”

தன் மேல் குற்றம் வருகிறது என்று யாக்கோபு நினைத்துவிட்டார். “லைன் நிக்கவே இல்ல சார். பக்கத்துல ட்ராலி தள்ளிகினு இருந்த பொண்ண இஸ்து அங்க வுட்டுட்டேன். ஒரு பீஸ் கூட கீய வுழல சார்.”

“அதாவது, உடனே பழைய நிலைமை வந்திருச்சு.”

“அக்காங் சார். ஒடனே.”

ரகுபதி நம்பிராஜன் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவரின் குரல் அது. “நீங்க சொன்ன விதிதானே, நம்பிராஜன்? கலைஞ்சுது. சட்டுன்னு திரும்பிருச்சு. அப்ப இது வேகமான மாறி. விடலாம். கணிதப்படி நான் சொல்றதுல தப்பு இருக்கா?”

தப்பு இருந்தது. திரும்பி வந்தது இடம், ஆள் அல்ல. பஸ்ஸில் ஆடிய ஆள் அதே ஆளாக நிமிர்ந்து நின்றால்தான் அந்த விதி செல்லும். விழுந்தவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றிக்கொண்டு, பார், ஆட்டம் அடங்கிவிட்டது என்று சொல்வதற்குக் கணிதத்தில் இடமில்லை. இந்த நிபந்தனை அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்திலேயே இருந்தது. நம்பிராஜனுக்கு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணி நிரந்தரம் பற்றி அம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ குறுக்கே வந்தது.

“தப்புன்னு சொல்ல முடியாது சார்” என்றான்.

யாக்கோபு கூட்டம் முடியும் முன்பே அனுப்பப்பட்டார். போகும்போது நம்பிராஜனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். கேக் வெட்டினார்கள். உடம்பின் வெப்பத்தைக் குறிக்கும் எழுத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டார்கள். கங்கா மேடம், இந்த மாறி எப்போதும் சிரித்த முகத்தோடு பணியாற்றியது என்றார். ஒரு மாறிக்கு முகம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பாண்டிச்செல்வி ஒன்பது நாள் கழித்து, கட்டு அவிழ்க்காத கையோடு வேலைக்குத் திரும்பினாள். அவளை மறுபடி அடுப்பு வாயிலேயே நிறுத்தினார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நம்பிராஜன் முன்னால் போய் நின்றுகொண்டான். மூன்றாம் நாள் அவளே எழுந்து வந்தாள்.

“யாக்கோபு சார் சொன்னாவ. கணக்குல என்னய எடுத்துட்டியளாமே.”

அவன் விளக்க ஆரம்பித்தான். உன்னை இல்லை, அந்த இடத்து வெப்பத்தை, அதாவது சீக்கிரமாக மாறித் திரும்புகிற உருப்படிகளை விட்டுவிட்டு... பாதியில் அவன் குரல் அவனுக்கே ரகுபதியின் குரல்போலக் கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

“சீக்கிரம் மாறுதது நெசந்தான்” என்றாள் அவள். “எனக்கு முந்தி நின்ன பிள்ளை ரெண்டு மாசம். அதுக்கு முந்தி நின்னவ பேரே தெரியல.” பஸ் பிரேக் போட்டது. அவள் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்தாள். “எங்க அம்மைட்ட என்ன சொல்லுவிய? தப்புன்னு சொல்ல முடியாதுன்னா?”

யாக்கோபு அதையும் சொல்லியிருந்தார்.

இதற்கிடையே குழு தன் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. மெதுவாக மாறுகிறதுதான் மற்ற எல்லாவற்றையும் ஆளும் என்பது நிறுவப்பட்ட விதி. அப்படியானால் இந்தத் தொழிற்சாலையிலேயே மிக மெதுவாக மாறுவது எது? அளந்து பார்த்தார்கள். அடுப்பு மாறியது, இரும்பு மாறியது, காற்று மாறியது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்று: கூட்ட அறையின் வெப்பநிலை. ஜெனரேட்டர் பழுதான நாளில்கூட அதற்குத் தனி பேட்டரி இருந்தது. இருபத்து மூன்று டிகிரி.

நாற்பத்து மூன்று மாறிகள் ஒன்றாகின. தொழிற்சாலையின் வெப்பநிலை கூட்ட அறையின் வெப்பநிலைக்குச் சமம். இதைத் தீர்க்கக் கணிப்பொறிகூடத் தேவையில்லை. அடுப்பு வாய்க்குக் காற்றாடி வேண்டுமா என்ற கேள்வியை மாதிரியிடம் கேட்டார்கள். இருபத்து மூன்று டிகிரியில் காற்றாடி எதற்கு என்று மாதிரி சொன்னது. கோப்பு மூடப்பட்டது.

இருந்தாலும் ரகுபதி அக்கறையுள்ள மனிதர். தொழிலாளர்களின் சூட்டைக் குறைக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவரே எடுத்துப் பேசினார். தொழிற்சாலையைக் குளிர்விக்க மிகச் சிறந்த வழி எதுவென்று மாதிரி தெளிவாகக் காட்டியது. காற்றாடிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கூட்ட அறைக்கு இரண்டாவது ஏசி வாங்கப்பட்டது. அறை பத்தொன்பது டிகிரிக்கு இறங்கியது. ஒட்டுமொத்தத் தொழிற்சாலையும் நான்கு டிகிரி குளிர்ந்துவிட்டதாகத் தலைமையகத்துக்குத் தகவல் போனது. வாழ்த்துச் செய்தி வந்தது. மாதிரியைக் கண்காணிக்க நம்பிராஜனின் நாற்காலியைக் கூட்ட அறைக்குள்ளேயே கொண்டுவந்து போட்டார்கள். குளிருக்காக நிர்வாகம் அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வழங்கியது. ஜூன் மாத வெயிலில் அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறியவனைப் பார்த்து, “ஊட்டிக்காண்ணே போறிய?” என்று கேட்டாள் பாண்டிச்செல்வி. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மாதிரியின் தொடக்க விழா ஜூன் கடைசியில் நடந்தது. சுவர் முழுவதும் கண்ணாடிச் சட்டங்களுக்குள் கிரேக்க எழுத்துகள். தொழிலாளர்களில் சிலரையும் அழைத்து வந்து பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்; யாக்கோபு இருந்தார், பாண்டிச்செல்வியும் இருந்தாள். கையில் காயம் இருந்த அவளைத் தவிர மற்றவர்கள் அந்தக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நம்பிராஜனைச் சில வார்த்தைகள் பேச அழைத்தார்கள். அவன் எழுந்து மைக்கைப் பிடித்தான். நன்றி சொல்ல வேண்டிய பெயர்களை எல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவன் உட்காரவில்லை.

“சார், அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. தப்பு இருக்கு. திரும்பி வந்தது இடம் சார். ஆள் இல்ல. ஆள் விழுந்துட்டு. இடத்துல வேற ஆள் நிக்காவ. அதனால இந்த வெப்ப மாதிரி செல்லாது.”

ரகுபதி மெதுவாக எழுந்து, தனியாகக் கைதட்ட ஆரம்பித்தார்.

“இதுக்குத்தான் நம்ம இளைஞர்களைப் பேச விடணும்னு சொல்றேன்” என்றார். “ஆள் விழுந்தாலும் இடம் எழுந்துரும். நம்ம நிறுவனத்தோட பலம் என்னன்னு இவ்வளவு நாள் வெளியில இருந்து கன்சல்டன்ட்டை வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தோம். நம்ம பையன் ஒரே வரியில சொல்லிட்டாரு.”

எல்லோரும் தட்டினார்கள். கங்கா மேடம் அந்த வரியை எழுதிக்கொண்டார். நம்பிராஜன், நான் அதைச் சொல்லவில்லை என்று மைக்கில் மறுபடி சொன்னான். கைதட்டலில் அது கேட்கவில்லை. பின்வரிசையைப் பார்த்தான். பாண்டிச்செல்வி நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஷிஃப்ட் மணி அடித்ததும் பாண்டிச்செல்வி கீழே போய்விட்டிருந்தாள். அவன் பேசியதை அவள் கேட்டாளா என்பதை யாக்கோபிடம் பிறகு விசாரித்தான். “தெரியல சார். நான் பாக்கல” என்றார் யாக்கோபு. அவர் அவனை அதற்கு முன் சார் என்று கூப்பிட்டதில்லை.

ஜூலை முதல் வாரத்தில் ‘ஆள் விழுந்தாலும் இடம் எழும்’ என்ற வாசகம் நீல எழுத்தில் நுழைவாயிலில் எழுதப்பட்டது. நம்பிராஜனின் பணி நிரந்தரமாக்கப்பட்டது. பாண்டிச்செல்வி அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போனாள். முன்கையில் தழும்பு இருந்தது. அவள் இடத்தில் தங்கமாரி என்ற பெண் நிறுத்தப்பட்டாள். மாதிரியில் இல்லாத ஓர் இடத்தில் கருவி இருப்பது வீண் என்பதால், அடுப்பு வாயில் இருந்த வெப்பமானியைக் கழற்றிக் கூட்ட அறையில் மாட்டினார்கள். அது பத்தொன்பது டிகிரி காட்டியது.